புளிப்பும் உப்பும் அளந்த கருவிகள்

மண்ணில்லாமல் செடி வளர்ப்பவர் அன்றாடம் தெரிந்துகொள்ள வேண்டிய எண்கள் இரண்டு. தொட்டியிலுள்ள கரைசல் எவ்வளவு புளிப்பாக இருக்கிறது என்பது ஒன்று. அதில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பது மற்றொன்று. முன்னதைப் பி.எச். என்றும் பின்னதை மின்கடத்துதிறன், சுருக்கமாக இ.சி., என்றும் சொல்கிறார்கள். நிலத்தில் பயிர் செய்பவர் இவ்விரண்டையும் பருவத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். களிமண்ணும் மட்கும் அமிலத்தையும் உப்பையும் ஓரளவு பிடித்துவைத்து, ஏற்ற இறக்கத்தைத் தணித்துவிடும். நீரில் அந்தத் தணிப்பு இல்லை. வேர் நைட்ரேட்டை உறிஞ்சினால் கரைசலின் பி.எச். ஏறுகிறது, அம்மோனியத்தை உறிஞ்சினால் இறங்குகிறது. வெயில் கடுமையான நாளில் செடி சத்தைவிட நீரையே அதிகம் குடிப்பதால் மிஞ்சிய கரைசல் உப்பேறுகிறது. பி.எச். 7-ஐத் தாண்டினால் இரும்புச் சத்து கரைசலில் இருந்தும் வேருக்குக் கிடைப்பது குறைந்து, இளந்தளிர் வெளுக்கிறது.

இன்று கடையில் இந்த இரண்டு எண்களையும் காட்டும் பேனா வடிவக் கருவிகள் அருகருகே தொங்குகின்றன. உப்பு அளக்கும் பேனா சில நூறு ரூபாய்க்குக் கிடைத்து ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது. பி.எச். பேனாவில் மலிவானது சில மாதங்களிலேயே தடுமாறுகிறது. நம்பத்தக்கது பல ஆயிரம் ரூபாய் ஆகிறது. இந்த வேறுபாட்டுக்குக் கம்பெனிகளின் பேராசை காரணமல்ல. இரண்டு கருவிகளும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவைக்காகப் பிறந்தவை. உழவரை மனத்தில் வைத்து இரண்டில் ஒன்றுகூட உருவாக்கப்படவில்லை.

புளிப்பை நிறத்தால் அறியும் முறை மிகப் பழையது. ராபர்ட் பாயில் 1664-இல் வெளியிட்ட நிறங்கள் பற்றிய நூலில், ஊதாப்பூச் சாறு அமிலம் பட்டால் சிவப்பாகவும் காரம் பட்டால் பச்சையாகவும் மாறுவதைப் பதிவு செய்தார். பாசிக்காளானிலிருந்து எடுக்கும் லிட்மஸ் சாயமும் இதே வேலையைச் செய்தது. ஆனால் நிறம், அமிலமா காரமா என்று மட்டுமே சொன்னது. எவ்வளவு என்பதற்கு எண் கிடைக்க மேலும் இரண்டரை நூற்றாண்டு ஆயிற்று.

உப்பின் பக்கம் எண் முன்னதாகவே கிடைத்தது, அதுவும் வியப்பான வழியில். 1770-களில் லண்டனில் ஹென்றி கேவெண்டிஷ், உப்புக் கரைசல்கள் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகின்றன என்பதைத் தன் உடலாலேயே அளந்தார். லேடன் ஜாடியில் சேமித்த மின்னூட்டத்தைக் கண்ணாடிக் குழாயில் அடைத்த கரைசல் வழியாகத் தன் கைகளில் பாய்ச்சிக்கொள்வார். இரண்டு குழாய்களில் வாங்கும் அதிர்ச்சி சமமாக உணரப்படும்வரை கரைசலின் நீளத்தை மாற்றி, அந்த நீளங்களைக் கொண்டு கடத்துதிறனை ஒப்பிட்டார். இந்தக் குறிப்புகளை அவர் வெளியிடவில்லை. 1879-இல் ஜேம்ஸ் கிளர்க் மாக்ஸ்வெல் பதிப்பித்தபோதுதான், பிற்காலத்து நுண்கருவிகள் தந்த அளவுகளுக்கு அவை எவ்வளவு அருகில் இருந்தன என்று உலகுக்குத் தெரிந்தது.

கருவியை நம்பத்தக்கதாக்கியவர் ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரீட்ரிக் கோல்ராஷ். கரைசலில் ஒரே திசையில் மின்சாரம் செலுத்தினால் மின்முனைகளின் மேல் வாயுவும் படிவும் சேர்ந்து அளவு பிசகிவிடும். 1869 வாக்கில் அவர் திசை மாறிமாறிப் பாயும் மின்சாரத்தைப் பயன்படுத்தி இந்தத் தொல்லையைத் தீர்த்தார். ஒரு தகட்டில் படிவது மறுநொடியே கரைந்துவிடுவதால் அளவு நிலைத்தது. இன்றைய இ.சி. பேனாவின் அடியில் தெரியும் இரண்டு சிறு முனைகளும் கோல்ராஷின் முறையில்தான் இயங்குகின்றன. எளிதில் உடையவோ, உலர்ந்தால் கெடவோ, தானாக மூப்படையவோ கூடிய பொருள் அதில் எதுவும் இல்லை. உப்புப் படிந்தால் துடைத்தால் போதும். மலிவான இ.சி. பேனாவும் நீடித்து உழைப்பதன் அடிப்படை இதுவே.

இதே காலத்தில்தான் நீரில் செடி வளர்க்கும் அறிவியலும் உருவாயிற்று. 1860-இல் யூலியஸ் ஸாக்ஸும் அடுத்தடுத்த ஆண்டுகளில் வில்ஹெல்ம் நோப்பும் சில எளிய உப்புகளைக் கரைத்த நீரில் செடிகளை வளர்த்துக் காட்டினார்கள். செடிக்குத் தேவை மண்ணல்ல, மண்ணிலுள்ள தாதுக்களே என்பதை நிறுவிய ஆய்வுகள் இவை. அவர்களிடம் பி.எச். மீட்டரும் இல்லை, இ.சி. மீட்டரும் இல்லை. தராசு இருந்தது. எடை போட்டு உப்பைக் கரைத்தார்கள். கரைசல் பழையதானால் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றினார்கள். கருவி வாங்க வசதியில்லாத இன்றைய வளர்ப்பாளருக்கும் திறந்திருக்கும் வழி இது. ஒரு நல்ல சமையலறைத் தராசும், ஒழுங்காகக் கரைசல் மாற்றும் பழக்கமும் பாதி மீட்டருக்குச் சமம்.

பி.எச். பிறந்த இடம் ஒரு பீர் ஆலை. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆலையின் நிறுவனர் 1875-இல் ஏற்படுத்திய ஆய்வகத்தில், வேதியியல் பிரிவின் தலைவராக இருந்தவர் ஸோரன் ஸோரன்சன். நொதிகள் எவ்வளவு வேகமாக வேலை செய்கின்றன என்பது கரைசலின் ஹைட்ரஜன் அயனிச் செறிவைப் பொறுத்தது என்று அவர் கண்டார். அந்தச் செறிவு பத்தின் அடுக்குகளில் சுழியங்கள் நிறைந்த பின்னமாக இருந்ததால், அந்த அடுக்கையே அளவாக எடுத்துக்கொள்ளும் முறையை 1909-இல் முன்வைத்தார். 6 என்பதற்கும் 5 என்பதற்கும் இடையில் பத்து மடங்கு புளிப்பு வேறுபாடு இருப்பதன் காரணம் இது. வளர்ப்பாளர்கள் பலர் மறந்துபோவதும் இதையே. தூய நீரை பி.எச். 7-இலிருந்து 6-க்கு இறக்கக் கொஞ்சம் அமிலம் போதுமாயிருந்தது என்பதை நம்பி அதே அளவை இன்னொருமுறை ஊற்றினால் 5 வராது; அதற்குப் பத்து மடங்கு அமிலம் வேண்டும்.

எண் கிடைத்தது, அதை அளப்பது பெரும்பாடாக இருந்தது. ஸோரன்சன் காலத்து ஹைட்ரஜன் மின்முனைக்குப் பிளாட்டினத் தகடும், அதன்மேல் ஓயாமல் குமிழிவிடும் ஹைட்ரஜன் வாயுவும் வேண்டும். டென்மார்க்கின் ஐனார் பில்மன் 1921-இல் அறிமுகப்படுத்திய குவின்ஹைட்ரோன் மின்முனை வாயுவின் தேவையை நீக்கியது. மண் ஆய்வாளர்கள் அதை விரும்பி ஏற்றார்கள். ஆனால் பி.எச். 8-க்கு மேல் அது பயன்படவில்லை.

தீர்வு கண்ணாடியில் இருந்தது. மெல்லிய கண்ணாடிச் சவ்வின் இருபுறமும் அமிலத்தன்மை வேறுபட்டால் அதன் குறுக்கே மின்னழுத்தம் தோன்றுகிறது என்று 1906-இல் மாக்ஸ் கிரேமர் கண்டார். ஃபிரிட்ஸ் ஹாபரும் ஸிக்மூன்ட் கிளெமென்சியெவிச்சும் 1909-இல் அதை அளவிடும் மின்முனையாக வடித்தார்கள். 25 பாகை வெப்பத்தில் ஒரு பி.எச். வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் கிடைக்கும். இந்தச் சிறு அழுத்தத்தை அளப்பதைவிடப் பெரிய இடையூறு கண்ணாடியின் மின்தடை. மின்சாரத்தை அனேகமாகத் தடுத்துவிடும் பொருளின் வழியாக அளவு எடுக்க வேண்டியிருந்தது. அக்காலத்துக் கால்வனாமீட்டருக்கு அந்த அற்ப மின்னோட்டம் எட்டவில்லை. எட்டச் செய்வதற்காகக் கண்ணாடியை மிக மெல்லியதாக ஊதினால் தொட்டவுடன் உடைந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் இந்த முறை ஆய்வகத்தைவிட்டு வெளியே வர முடியாமல் கிடந்தது.

வெளியே கொண்டுவந்தது எலுமிச்சை. கலிஃபோர்னியாவில் சன்கிஸ்ட் என்ற பெயரில் பழம் விற்ற உழவர் கூட்டமைப்பின் வேதியியலாளர் கிளென் ஜோசஃப், கழிவுப் பழங்களின் சாற்றில் அமிலத்தை அளக்கத் திணறிக்கொண்டிருந்தார். சாற்றைக் கெடாமல் காக்கச் சேர்த்த கந்தக டை ஆக்சைடு நிறங்காட்டிச் சாயங்களை வெளுத்துவிட்டது. ஹைட்ரஜன் மின்முனையையும் முடக்கியது. 1934-இல் அவர் தன் பழைய கல்லூரி நண்பரும் கால்டெக் பேராசிரியருமான ஆர்னால்ட் பெக்மனிடம் போனார். வானொலிப் பெட்டியில் பயன்படும் வெற்றிடக் குழாய்களால் சமிக்ஞையைப் பெருக்கினால், உடையாத தடித்த கண்ணாடியையே வைத்துக்கொள்ளலாம் என்று பெக்மன் கணக்கிட்டார். அப்படியே ஒன்றைச் செய்தும் கொடுத்தார். கொஞ்ச நாளில் ஜோசஃப் இன்னொன்று கேட்டு வந்தார். ஒரே ஆய்வகத்துக்கு இரண்டு வேண்டியிருந்தால் மற்ற ஆய்வகங்களுக்கும் வேண்டியிருக்கும் என்று பெக்மனுக்குத் தோன்றியது.

மின்முனை, பெருக்கி, மின்கலம், முள் எல்லாவற்றையும் ஒரே மரப்பெட்டிக்குள் அடக்கிய பெக்மன் கருவி 1935-இல் 195 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அன்று அமெரிக்காவில் மலிவான புதிய ஃபோர்டு காரின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அது. ஃபிலடெல்ஃபியாவில் ஆய்வுக்கருவி விற்ற ஆர்தர் எச். தாமஸ் நிறுவனத்தார், பத்து ஆண்டில் 600 கருவிகள் விற்றால் அதிகம் என்று மதிப்பிட்டார்கள். அந்த மதிப்பீடு மிக விரைவில் பொய்த்தது. ஆனாலும் அதை வாங்கியவை பழச்சாறு, பால், தோல், மருந்துத் தொழிற்சாலைகளும் பல்கலைக்கழகங்களும்தான். வீட்டுத் தோட்டக்காரருக்கு அது எட்டாக்கனி.

அதே கலிஃபோர்னியாவில் அதே ஆண்டுகளில் மண்ணில்லா விவசாயம் பரபரப்பாகிக்கொண்டிருந்தது. பெர்க்லியில் வில்லியம் கெரிக்கே 1929 முதல் பெரிய தொட்டிகளில் தக்காளியை ஆளுயரத்துக்கு மேல் வளர்த்துக் காட்டி, 1937-இல் அதற்கு ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரையும் வழங்கினார். நாளிதழ்கள் மண்ணின் காலம் முடிந்தது என்ற அளவுக்கு எழுதின. இந்த ஆரவாரத்தைக் கண்டு அதே பல்கலைக்கழகத்தின் டெனிஸ் ஹோக்லண்டும் டேனியல் ஆர்னனும் 1938-இல் ஒரு சிற்றேடு வெளியிட்டார்கள். நீரில் வளரும் செடி மண்ணில் வளர்வதைவிட அதிசயமாக விளைந்துவிடாது என்று நிதானமாகச் சொல்லி, சத்துக் கரைசலுக்கான அளவுகளையும் தந்தது அது. இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் ஹோக்லண்ட் கரைசல் என்று வழங்குவது அதிலிருந்து வந்ததுதான். கெரிக்கேயின் கவர்ச்சியைவிட ஹோக்லண்டின் நிதானமே வளர்ப்பாளருக்கு அதிகம் உதவியிருக்கிறது. அந்தக் காலத்து வீட்டு வளர்ப்பாளர் பி.எச். பார்த்தது நிறங்காட்டிச் சொட்டு மருந்தாலும் காகிதத்தாலும். 5.5-க்கும் 6.5-க்கும் இடையில் இருந்தால் பெரும்பாலான பயிர்களுக்குப் போதும் என்பதால், அரை அலகு வரை காட்டும் சொட்டு முறை வேலைக்கு ஆயிற்று; இன்றும் ஆகிறது.

இரண்டாம் உலகப்போரின் முடிவில் அமெரிக்கப் படை அசென்ஷன் தீவிலும், பின்னர் ஜப்பானின் சோஃபுவிலும் சரளைத் தொட்டிகளில் காய்கறி விளைத்தது. அங்கே பணத்துக்கும் கருவிக்கும் ஆளுக்கும் குறைவில்லை. அதற்கு நேர் எதிரான முயற்சி ஒன்று அதே சமயத்தில் இந்தியாவில் நடந்தது. டார்ஜிலிங் மாவட்டத்துக் காலிம்பாங்கில் 1946-இல் ஜேம்ஸ் ஷோல்டோ டக்ளஸ், எளிய மக்களுக்கு ஏற்ற மண்ணில்லா விவசாயத்தைத் தேடினார். சரளையும் மணலும் கலந்த பாத்தியில் உப்புக் கலவையை உலர்வாகவே தூவி நீர் ஊற்றும் முறையை அவர் வளர்த்தெடுத்தார். வங்காள முறை என்ற பெயரில் 1951-இல் நூலாகவும் வந்தது. குழாய், பம்பு, மீட்டர் ஆகியவற்றின் செலவைக் குறைப்பதே அதன் உயிர்நாடி. குறைந்த செலவில் மண்ணில்லா விவசாயம் என்ற பேச்சு இந்தியாவில் நேற்றுத் தொடங்கியதல்ல.

கருவியைத் தவிர்க்க முடியாததாக்கியது கரைசலைச் சுழற்சியில் விடும் முறை. இங்கிலாந்தின் லிட்டில்ஹாம்டன் ஆய்வு நிலையத்தில் ஆலன் கூப்பர் 1960-களின் நடுவில் தொடங்கி 1970-களில் பரப்பிய என்.எஃப்.டி. முறையில், சாய்வான குழாயில் மெல்லிய படலமாகக் கரைசல் ஓடி மீண்டும் தொட்டிக்கே திரும்புகிறது. நீர் மிச்சம், உரம் மிச்சம். ஆனால் கரைசல் மணிக்கு மணி மாறுகிறது. சரளைப் பாத்தியில் ஒரு நாள் கவனிக்காமல் விட்டால் பொறுத்துக்கொள்ளும் செடி, இங்கே பொறுப்பதில்லை. நெதர்லாந்தின் கண்ணாடிக்குடில் விவசாயிகளும் 1970-களில் பாறைப்பஞ்சுக்கு மாறியபோது, தினமும் இ.சி.யும் பி.எச்.சும் பார்ப்பது தொழிலின் அங்கமாயிற்று.

மின்கடத்துதிறனை உழவின் அளவுகோலாக ஏற்கெனவே பழக்கியிருந்தவர்கள் உவர்நில ஆய்வாளர்கள். கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் இயங்கிய அமெரிக்க உவர்நில ஆய்வகம் 1954-இல் வெளியிட்ட கையேடு, பாசன நீரை நான்கு வகுப்பாகப் பிரித்தது: 250 மைக்ரோசீமென்ஸ் வரை உவர் குறைவு, 750 வரை நடுத்தரம், 2250 வரை மிகுதி, அதற்கு மேல் மிகமிக அதிகம். இந்திய மண் ஆய்வுக்கூடங்களிலும் இந்தப் பாகுபாடு வேரூன்றியது. 2015-இல் தொடங்கிய மண்வள அட்டையிலும் பி.எச்., மின்கடத்துதிறன் இரண்டும் இடம்பெறுகின்றன. மாடியில் கீரை வளர்க்க நினைப்பவருக்கு இந்த எண்கள் நேரடியாகப் பொருந்தும். கடலோரத்திலும் வறண்ட மாவட்டங்களிலும் ஆழ்துளைக் கிணற்று நீர் உரம் போடுவதற்கு முன்னரே கணிசமான இ.சி. காட்டுவதுண்டு. முழு வலிமை ஹோக்லண்ட் கரைசலின் இ.சி. 2 மில்லிசீமென்ஸை ஒட்டியது. நீரே 1.5 இருந்தால் சத்துக்கு இடமேது? மீட்டர் வாங்கியவுடன் முதலில் அளக்க வேண்டியது வெறும் நீரை.

உப்புக் கருவியில் ஒரு குழப்பமும் பரம்பரையாக வந்திருக்கிறது. கருவி அளப்பது கடத்துதிறனை மட்டுமே. நீர் சுத்திகரிப்புத் தொழிலும் தோட்டக்கடைகளும் அதை ஏதோ ஒரு காரணியால் பெருக்கி, பி.பி.எம். அல்லது டி.டி.எஸ். என்று காட்டின. சோடியம் குளோரைடை ஆதாரமாகக் கொண்ட கருவி 1 மில்லிசீமென்ஸை 500 என்கிறது. இயற்கை நீரின் கலவையை ஆதாரமாகக் கொண்டது அதையே 700 என்கிறது. 640 என்று காட்டுவதும் உண்டு. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 10-ஆல் பெருக்கி சி.எஃப். என்கிறார்கள். ஆகவே ஒரு நூலில் 1000 பி.பி.எம். என்று படித்துவிட்டு வேறொரு கருவியில் 1000 வைத்தால், கரைசல் இரண்டு மில்லிசீமென்ஸாகவும் இருக்கலாம், ஒன்றரைக்குக் குறைவாகவும் இருக்கலாம். தமிழ்நாட்டு வீடுகளில் ஆர்.ஓ. இயந்திரம் பழுதுபார்க்க வருபவர் தம்ளரில் முக்கிக் காட்டும் டி.டி.எஸ். பேனாவும் இதே குடும்பம்தான். அதைச் செடிக்குப் பயன்படுத்தத் தடையில்லை, நேரடியாக மைக்ரோசீமென்ஸ் காட்டும் பொத்தான் இருந்தால். கரைசலின் கடத்துதிறன் பாகைக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு உயர்வதால், வெப்பத்தைத் தானே ஈடுசெய்யும் வசதியும் வெயில் காயும் மாடிக்கு அவசியம். சரிபார்க்க 1413 மைக்ரோசீமென்ஸ் பொட்டாசியம் குளோரைடு கரைசல் ஒரு சிறு புட்டி போதும்.

பி.எச். கருவியைச் சட்டைப் பைக்குள் கொண்டுவந்தவை திரான்சிஸ்டரும் ஒருங்கிணைந்த சுற்றும். வெற்றிடக் குழாய் செய்த வேலையை நகக்கண் அளவுச் சில்லு செய்யத் தொடங்கியதும், 1980-களில் பேனா வடிவக் கருவிகள் சந்தைக்கு வந்தன. மின்னணுப் பகுதியின் விலை அதன்பின் சரிந்துகொண்டே போயிற்று. கண்ணாடி மட்டும் அப்படியே நின்றது. ஹாபர் காலத்தைப் போலவே இன்றும் ஒரு மெல்லிய குமிழ், அதன் மேற்பரப்பில் நீர் ஊறிய படலம், பக்கத்தில் பொட்டாசியம் குளோரைடு நிரம்பிய ஒப்பீட்டு அறை. குமிழ் மூப்படைகிறது, ஒப்பீட்டு அறையின் உப்பு மெல்ல வெளியேறுகிறது, 59 மில்லிவோல்ட் தர வேண்டியது ஐம்பதுக்கு இறங்குகிறது. ஓரிரு ஆண்டுகளே அதன் ஆயுள். கண்ணாடிக்கு மாற்றாக 1970-இல் நெதர்லாந்தின் பீட் பெர்க்வெல்ட் கண்டுபிடித்த அரைக்கடத்தி உணரி உடையாதது, ஆனால் மலிவானதாக ஆகவில்லை.

ஆகவே குறைந்த பணத்தில் வாங்குபவர் இ.சி. பேனாவில் மிச்சம் பிடித்து பி.எச். பக்கம் செலவிடுவதே நியாயமான கணக்கு. அங்கும் பார்க்க வேண்டியது திரையில் எத்தனை தசமம் தெரிகிறது என்பதையல்ல. மின்முனையைக் கழற்றி மாற்ற முடியுமா, இரண்டு புள்ளிகளில் சரிபார்க்க முடியுமா என்பதை. மலிவு பேனாவுடன் வரும் 4.00, 6.86, 9.18 என்று அச்சிட்ட பொடிப் பொட்டலங்கள் அற்பமானவையல்ல. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பில் 1940-கள் முதல் ரோஜர் பேட்ஸ் போன்றோர் வரையறுத்த தாலேட், பாஸ்பேட், போராக்ஸ் கரைசல்கள்தான் அவை. அளந்த வாலைவடி நீரில் கரைத்தால் ஆயிரக்கணக்கில் விலையுள்ள கருவியையும் சரிபார்க்கலாம். செடிக்கு 4.00-உம் 6.86-உம் போதும். குமிழை உலரவிடக் கூடாது, ஆர்.ஓ. நீரில் ஊறவைப்பதும் கேடு, ஏனெனில் ஒப்பீட்டு அறையின் உப்பை அது உறிஞ்சிவிடும். பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நனைத்த பஞ்சு மூடிக்குள் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் பணம் போதாதெனில், தடுமாறும் மலிவு மீட்டரைவிடச் சொட்டு மருந்துப் பெட்டியே நம்பத்தக்கது. மின்கலமே இல்லாமல் மண்ணில் குத்தும் உலோகக் கம்பி மீட்டர்கள் கரைசலுக்கு உதவா.

இரண்டு கருவிகளும் சேர்ந்தும் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. இ.சி. மொத்த உப்பைக் காட்டுமே தவிர, அது நைட்ரேட்டா, வேர் தொடாமல் விட்ட சோடியமா என்று பிரித்துக் காட்டாது. ஒவ்வொரு அயனியையும் தனித்தனியே அறியும் மின்முனைகள் 1960-களில் வந்தன. ஃபுளோரைடுக்கு 1966-இலும் கால்சியத்துக்கு 1967-இலும் உருவானவை அவற்றில் முக்கியமானவை. நைட்ரேட்டுக்கும் பொட்டாசியத்துக்கும் கையடக்கக் கருவிகள் இன்று கிடைத்தாலும், மின்முனைகளின் ஆயுளும் விலையும் வீட்டு வளர்ப்பாளருக்கு ஒத்துவருவதில்லை. பெரிய பண்ணைகள் கரைசலை ஆய்வகத்துக்கு அனுப்புகின்றன. சிறிய தொட்டிக்காரர்கள் ஸாக்ஸும் நோப்பும் செய்ததையே செய்கிறார்கள்: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பழைய கரைசலை மரத்தடியில் ஊற்றிவிட்டு, எடை போட்டுப் புதிதாகக் கலக்கிறார்கள்.